சுவருக்குள் இருந்த சட்டி

அங்கே இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், மகள் சுமதி, மேசன் ராஜு, பக்கத்து வீட்டு செல்வியக்கா. ஐந்து பேரும் கண்ணால் பார்த்தோம்.

நாங்கள் வாங்கிய இந்த வீடு வெள்ளைக்காரர் கோப்பி பயிரிட்ட காலத்தது. அதன் குசினியில் அடுப்புக்குப் பின்னால் இருந்த சுவரை இன்று காலை மேசன் உடைத்தார். உள்ளே பூசி மூடிய ஒரு மாடம். அதில் சிவப்புத் துணி சுற்றிய சின்னச் சட்டி. சட்டி நிறைய மண்.

மேசன் உளியைக் கீழே போட்டார். “சுடுகாட்டு மண்ணுங்க. இத வெளியேத்தாம நான் வேல செய்யமாட்டேன்.”

செல்வியக்கா சும்மா இருப்பாரா? “அதான் சுமதிக்கு வந்த ரெண்டு வரனும் தட்டிப்போச்சு. செய்வினை!”

சுமதி அழுதுவிட்டாள்.

“மகாவலி ஆத்துல போட்டுட்டு வர்றேன்” என்று என் வீட்டுக்காரர் கிளம்பினார். எதுவானாலும் முறையாக அனுப்ப வேண்டும் என்று நான்தான் இவரையும் சுமதியையும் கோயிலுக்குக் கூட்டிப்போனேன்.

பூசாரி துணியை அவிழ்த்தார். சட்டியின் கழுத்தில் கயிற்றில் கட்டிய காய்ந்த மஞ்சள் கிழங்கு. சிரித்துவிட்டார்.

“சுடுகாட்டு மண்ணுக்கு யாரும்மா மஞ்சக்காப்பு கட்டுவாங்க? இது பிடிமண். அந்தக் காலத்துல இந்தியாவுல இருந்து கோப்பித் தோட்டத்துக்கு நடந்து வந்தவங்க, ஊர்ல குலசாமி கோயில் மண்ண ஒரு பிடி அள்ளிக்கிட்டு வந்தாங்க. ஆத்துல போட்றாதீங்க.”

போன உயிர் திரும்பி வந்தது. வரும்போது ஓட்டோவில் சுமதியே சட்டியை மடியில் வைத்துக்கொண்டாள்.

இப்போது அது எங்கள் சாமியறையில் இருக்கிறது. ஆனால் யார் வீட்டுச் சாமி? முன்பு இங்கே இருந்த குடும்பம் தெல்தோட்டைப் பக்கம் போய்விட்டதாகக் கேள்வி.

நாளை வெள்ளிக்கிழமை, படையல் வைக்க வேண்டும். எங்கள் வீட்டில் சைவம். இது கிடா கேட்கிற சாமியா என்று தெரியவில்லை. அந்தக் குடும்பத்தைத் தெரிந்தவர்கள் இன்றைக்கே பதில் போடுங்கள்.