வெருகல் வரை போன நித்திரை

சனூஸா நடந்து போவதைத் தோப்பூரில் அனேகம் பேர் கண்டதில்லை. ஓடுவதைத்தான் கண்டிருக்கிறார்கள். சுபஹுத் தொழுகை முடிந்த கையோடு தோளில் ஒரு பையும், கையில் பாதி கடித்த பாணுமாகச் சந்திக்கு ஓடுவாள். திருகோணமலைக்குப் போகும் முதல் பஸ் அவளுக்காக இரண்டொரு தரம் ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டுத்தான் புறப்படும்.

இருபத்திரண்டு வயது. பல்கலைக்கழக வளாகத்தில் சித்த மருத்துவம் படித்துக்கொண்டிருந்தாள். அந்தப் படிப்பே ஒரு ஆளைப் பிழிந்தெடுக்கப் போதும். சனூஸாவுக்குப் போதவில்லை. கதையும் எழுதினாள். அதுவும் போதாதென்று, இரவு பஸ் கேட்டுப் போராடும் பெண்கள் குழுவுக்குச் செயலாளராகவும் இருந்தாள்.

பஸ் விசயம் தொடங்கியது ஒரு மாரி காலத்தில். திருகோணமலை டவுணிலிருந்து மூதூர், தோப்பூர்ப் பக்கம் வரும் கடைசி பஸ் பொழுது சாய முன்னமே போய்விடும். பின்னேர வகுப்பு உள்ள பிள்ளைகள் பாதியில் எழும்பி ஓட வேண்டும். புடவைக் கடைகளில் நிற்கும் பெண்கள் கொஞ்சம் முந்திப் போக விடச் சொல்லித் தினமும் முதலாளியிடம் கெஞ்ச வேண்டும். ஒருநாள் சனூஸாவும் அவளோடு படிக்கும் நிலுஷாவும் மழையில் நனைந்துகொண்டு ஓடி வந்து, கண் முன்னாலேயே பஸ்ஸைத் தவறவிட்டார்கள். நிலுஷா மூதூர்க் கத்தோலிக்கப் பெண். கோபம் வந்தால் அழமாட்டாள், சிரிப்பாள். அன்றைக்கு பஸ் நிலையத்துக் கூரையின் கீழ் நின்று சிரித்துச் சிரித்தே, "நாங்களே ஒரு பஸ் கேட்டா என்னடி?" என்றாள்.

கேட்டார்கள். மனுக் கொடுத்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், பதாகை பிடித்தார்கள். ஒரு வருசமாக அலைந்த பிறகு, பஸ் சேவைக்குப் பொறுப்பான அதிகாரி மூதூருக்கே வந்து எல்லாரோடும் கதைப்பதாகச் சொன்னார். புதன்கிழமை பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில்.

அதே புதன்கிழமை காலையில் சனூஸாவுக்கு வளாகத்தில் சோதனை. அதே வாரத்தில்தான் டவுணில் வெளிவரும் ஒரு சஞ்சிகைக்கு அவள் கதை கொடுக்க வேண்டும்.

கதை ஒரு மணப்பெண்ணைப் பற்றியது. கலியாண நாளன்று அவள் வாப்பாவின் டிராக்டரை எடுத்துக்கொண்டு தம்பலகாமத்து வயல்களுக்கூடாக ஓடிப்போகிறாள். குளக்கட்டுக்கு வந்ததும் நடுவழியில் ஒரு காட்டு யானை நிற்கிறது. அதற்குப் பிறகு என்ன ஆகிறதென்று சனூஸாவுக்குத் தெரியவில்லை. இரண்டு மாதமாகத் தெரியவில்லை. நிலுஷா காணும்போதெல்லாம், "என்னடி, உன்ட யானை இன்னும் அங்கேயே நிக்குதோ?" என்று கேட்பாள்.

செவ்வாய் இரவு சனூஸா படுக்கவே இல்லை. படித்தாள், கூட்டத்தில் பேச வேண்டியதைத் தயார்பண்ணினாள், இடையிடையே போனில் கதையைத் திறந்து யானையை முறைத்துப் பார்த்தாள். உம்மா ஸாலிஹா இரண்டு தரம் எழும்பி வந்து கதவில் நின்றாள்.

"மகள், உனக்கு எத்தின தலை இரிக்கி? ஒண்டுதானே? அதையும் கொஞ்சம் தலகணியில வையன்."

"நாளைக்கு ஒரு நாள்தானே உம்மா. சோதனை முடிய மத்தியான பஸ்ஸில நேரா வீட்ட வாறன். சாப்பிட்டுட்டு வாப்பாவோட மூதூருக்குப் போறன்."

"பொம்புளப் புள்ளைக்கு உந்த பஸ் சண்டையெல்லாம் என்னத்துக்கு? படிச்சம், வந்தம் எண்டு இரிக்க ஏலாதா?"

சனூஸா புத்தகத்தில் அடுத்த பக்கத்தைப் புரட்டினாள். உம்மாவோடு இதைக் கதைத்துக் கதைத்து இருவருக்குமே அலுத்துப்போயிருந்தது.

சோதனையில் முதல் கேள்வியே உடம்பின் பதினான்கு வேகங்களைப் பற்றி. தும்மல், பசி, கொட்டாவி என்று அடக்கக் கூடாதவை பதினான்கு. அவற்றில் நித்திரையும் ஒன்று. நித்திரையை அடக்கினால் தலைக்கனம், கண் சிவத்தல், காது கேளாமை, தெளிவில்லாத பேச்சு உண்டாகும் என்று சனூஸா எழுதினாள். எழுதிவிட்டுத் தலையைத் தூக்கினாள். தலை கனத்தது. கண் எரிந்தது. மேற்பார்வையாளர் பக்கத்தில் வந்து என்னவோ கேட்க, "ஆங்?" என்றாள். அவர் திரும்பவும் கேட்டார். "இல்ல சேர், ஓம் சேர்" என்றாள். தானே தன் விடைக்கு உதாரணமாகிவிட்டதை நினைக்க அவளுக்குச் சிரிப்பு வந்தது. மண்டபம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

சோதனை முடிந்ததும் ஓடி வந்து மட்டக்களப்பு பஸ்ஸைப் பிடித்தாள். தோப்பூருக்கு டிக்கெட் எடுத்து, கடைசி வரிசையில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, போனைத் திறந்தாள். யானை. மணப்பெண். டிராக்டர். கிண்ணியாப் பாலத்தில் ஏறியபோது உப்புக் காற்று முகத்தில் அடித்தது. ஒரு வசனம் எழுதினாள், அழித்தாள். போன் செத்துப்போனது. சரி, ஒரு நிமிசம் கண்ணை மூடுவம் என்று நினைத்தாள்.

"தங்கச்சி! தங்கச்சி, எழும்புங்கோ! நீங்கள் எங்க இறங்க வேணும்?"

கொண்டக்டர் குனிந்து நின்றார். ஜன்னலுக்கு வெளியே அகலமாக ஒரு ஆறு. அக்கரையில் மருத மரங்கள். கோயில் மணி ஒன்று கேட்டது.

"தோப்பூர்" என்றாள் சனூஸா.

கொண்டக்டர் தலையில் கை வைத்தார். "தோப்பூரோ! ஐயோ, இது வெருகல் பாலம். மூதூரிலயும் கத்தினனான், தோப்பூரிலயும் கத்தினனான். நீங்கள் அசையேல்ல. மட்டக்களப்புக்குப் போற பிள்ளையாக்கும் எண்டு விட்டிட்டன்."

அவர் பெயர் இராகுலன். நல்ல மனிதர். பஸ்ஸை நிறுத்தி, தன் போனைக் கொடுத்தார். சனூஸாவுக்கு மனப்பாடமாகத் தெரிந்தது வாப்பாவின் இலக்கம் ஒன்றுதான். அடித்தது, அடித்தது, யாரும் எடுக்கவில்லை. இராகுலன் வீதியோரத் தேத்தண்ணிக் கடைப் பெண்ணிடம் அவளை ஒப்படைத்து, "மட்டக்களப்பிலயிருந்து ஒரு பஸ் வரும். அதில ஏத்தி விடுங்கோ, அக்கா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

சனூஸா கடை வாங்கில் உட்கார்ந்து அழத் தயாரானாள். ஒரு வருச அலைச்சல். அதிகாரி இந்நேரம் வந்திருப்பார். பேச வேண்டிய அவள் இங்கே, மாவட்டத்தின் அந்தத்தில், ஆற்றைப் பார்த்துக்கொண்டு.

ஆனால் அழுகை வரவில்லை. அவளுக்கே அது புதினமாக இருந்தது. தலைக்கனம் போயிருந்தது. கண் எரியவில்லை. ஆற்றில் ஒருவர் வலை வீசுவது, வலை விரிந்து தண்ணீரில் விழும் சத்தம், தேத்தண்ணியின் இஞ்சி, எல்லாம் ஒவ்வொன்றாகத் துலக்கமாக வந்து சேர்ந்தன. தண்ணீர் இறைக்கும் இயந்திரம் ஒன்று எங்கோ கடகடத்துக்கொண்டிருந்தது. திடீரென்று நின்றது. நின்றதும், அதுவரை கேட்காத குருவிச் சத்தமெல்லாம் கேட்டது.

"எஞ்சினை நிப்பாட்டுறாள்!" என்று சனூஸா உரக்கச் சொன்னாள்.

கடைக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். "ஆர், பிள்ளை?"

"கலியாணப் பொண்ணு! யானைக்கு முன்னால எஞ்சினை நிப்பாட்டிட்டு, சும்மா இரிக்கிறாள்!"

"பாவம், வெயில்ல நிண்டிட்டுது" என்று அந்தப் பெண் இன்னொரு தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

சனூஸா பையைத் துழாவி, காலையில் வாங்கிய வினாத்தாளை எடுத்து, அதன் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினாள். மணப்பெண் சாவியைத் திருப்பி இயந்திரத்தை அணைத்தாள். யானைக்கும் அவளுக்கும் இடையில் இருந்த சத்தம் போனது. யானை காதை ஆட்டியது. அவள் தலையிலிருந்த பூவை ஒவ்வொன்றாகக் கழற்றினாள். இரண்டு மாதமாக அசையாத யானை, கடைக்கார அக்கா கோப்பையைத் திரும்ப எடுக்க வருமுன் குளக்கட்டை விட்டு இறங்கிப் போய்விட்டது. பஸ் வந்தபோது சனூஸா கடைசி வசனத்தை எழுதிக்கொண்டே ஓடிப்போய் ஏறினாள்.

இதற்கிடையில் மூதூரில் நடந்ததை அவளுக்குப் பிறகு நிலுஷாதான் நடித்துக் காட்டினாள்.

மத்தியான பஸ் தோப்பூரைத் தாண்டிப் போனதை ஸாலிஹா வாசலில் நின்று பார்த்தாள். மகள் இறங்கவில்லை. பின்னாலேயே வந்த பஸ்ஸிலும் இல்லை. போன் எடுபடவில்லை. நிலுஷாவைக் கூப்பிட்டால், சோதனை முடிந்ததுமே போய்விட்டாள் என்கிறாள். ஸாலிஹா குசினியில் சோற்றை அப்படியே மூடி வைத்துவிட்டு, "மோட்டச்சைக்கிளை எடுங்க!" என்று கத்திய கத்தலில், வாப்பா றஊப் போனை மேசையில் மறந்துவிட்டு மூதூருக்குப் புறப்பட்டார்.

மண்டபத்தில் கூட்டம் நிறைந்திருந்தது. அதிகாரி கதிரையில் சாய்ந்து, இரவு பஸ்ஸுக்கு ஆள் சேராது, பெண் பிள்ளைகளுக்கு அப்படி என்ன அவசரம் என்று சொல்லிக்கொண்டிருந்தார். சனூஸா பேச வேண்டிய இடத்தில் நிலுஷா தடுமாறிக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் கதவு படாரென்று திறந்தது.

"என்ட புள்ள எங்க?" என்றாள் ஸாலிஹா.

யாருக்கும் விளங்கவில்லை.

"விடியச் சுபஹோட போன புள்ள! மத்தியானம் வாறன் எண்டது, இன்னும் வரல்ல! ஒவ்வொரு நாளும் இந்த வயித்தில நெருப்பக் கட்டிக்கொண்டுதான் நான் ரோட்டப் பாத்துக்கொண்டு நிக்கிறன். பஸ் போயிட்டுதா, போகல்லயா, ஓட்டோவில வாறாளா, ஆரோட வாறாள்? அவசரம் என்ன எண்டு கேக்கிறீங்களே, சேர், உங்கட மகள் இருட்டினாப் பிறகு றோட்டில நிண்டா நீங்க கதிரையில இப்பிடி இரிப்பீங்களா?"

தலைகளெல்லாம் அதிகாரியின் பக்கம் திரும்பின. பிறகு பின்னாலிருந்து இன்னொரு தாய் எழும்பினாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. ஒரு வருசமாக இந்தக் கூட்டங்களுக்குப் பிள்ளைகளை விட மறுத்த தாய்மார்தான் அவர்கள். அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். பக்கத்திலிருந்தவரிடம் தண்ணீர் கேட்டார்.

எல்லாரும் ஒரே நேரத்தில் கதைத்துக்கொண்டிருந்த அந்த வேளையில்தான் சனூஸா வினாத்தாளைக் கையில் பிடித்தபடி உள்ளே ஓடி வந்தாள்.

ஸாலிஹா அவளைக் கட்டிப்பிடித்தாள். முதுகில் ஒரு அடியும் வைத்தாள். "எங்கடி போனாய்?"

நிலுஷா பின்னாலிருந்து கண்ணால் கெஞ்சினாள்: வேறொன்றும் சொல்லாதே. பஸ் கிடைக்கவில்லை என்று ஒரு சொல் சொன்னால் போதும், வெற்றி. அதிகாரியும் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா நடந்தது? பஸ் இல்லையோ?"

சனூஸா வினாத்தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். பொய் சொல்லலாம்தான். ஆனால் அவ்வளவு பேரின் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு அது வரவில்லை.

"பஸ் இருந்தது, சேர். நான் நித்திரையாகிட்டன். வெருகலுக்குப் போயிட்டன்."

மண்டபம் கொல்லென்று சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். நிலுஷா முகத்தைப் பொத்திக்கொண்டாள். சிரிக்காதவள் ஸாலிஹா ஒருத்திதான். மகளின் கையை விடாமல் முன்னால் வந்தாள்.

"சிரிங்க. ஏன் நித்திரையானாள் எண்டு கேளுங்க. இருட்டுக்க எழும்பி முதல் பஸ்ஸில போறாள். வகுப்பில பாதியை விட்டுட்டு ஓடி வாறாள். விட்ட பாதியை ராவெல்லாம் முழிச்சுப் படிக்கிறாள். இதுக்குள்ள உங்களுக்குப் பின்னால மனுத் தூக்கிக்கொண்டும் திரியிறாள். இரும்பா அவள்? ஒரு பஸ்ஸ விட்டீங்க எண்டா இவள் பதறிப் பதகளிக்காம நடந்து வந்து, வீட்டில படுப்பாளா இல்லயா?"

சனூஸா உம்மாவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். நேற்றிரவு கதவில் நின்ற அதே உம்மாதான். ஒரு வருசமாகத் தான் எழுதி எழுதி அழித்த பேச்சை, ஒரு தாளும் இல்லாமல் உம்மா பேசி முடித்துவிட்டாள். கைதட்டலைத் தொடங்கியது அவள்தானா நிலுஷாவா என்று இன்றைக்கும் இருவரும் சண்டை பிடிப்பார்கள்.

பொழுது சாய்ந்து மஃரிபுக்குப் பாங்கு சொல்லும்போது அதிகாரி எழும்பினார். "மூன்று மாதம் ஓட்டிப் பார்ப்பம். ஆள் சேராட்டி நிப்பாட்டிப்போடுவன்" என்றார்.

சோதனையில் சனூஸா பாஸ். எடுத்த புள்ளி பெரிதில்லை. கதையைச் சஞ்சிகை ஏற்றுக்கொண்டது. அச்சில் வந்த அன்று றஊப் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்துவிட்டு, "எல்லாம் சரி மகள், அவ்வளவு தூரத்துக்கு டீசல் ஆர் அடிச்சது?" என்று மட்டும் கேட்டார். செயலாளர் பதவியைப் புடவைக் கடையில் வேலைசெய்யும் றிஷானா கேட்டு வாங்கிக்கொண்டாள். கொடுக்கும்போது சனூஸாவுக்குக் கொஞ்சம் வலித்தது. தான் இல்லாவிட்டால் எல்லாம் நின்றுவிடும் என்று அவள் உள்ளூர நம்பியிருந்தாள். றிஷானா இரண்டாம் வாரத்திலேயே டிக்கெட்டில் மாணவர் சலுகைக்குப் புது மனு ஒன்றைத் தொடங்கியதும், அந்த வலி போய்ச் சந்தோசப் புளுகமாகிவிட்டது. வெள்ளிக்கிழமைப் பின்னேரங்களில் சனூஸா இப்போது படுத்துத் தூங்குகிறாள். அந்த நேரம் வீட்டுக்கு வருகிறவர்களை ஸாலிஹா வாசலிலேயே நிறுத்தி, கதையைக் குசுகுசுப்பில் முடித்து அனுப்பிவிடுகிறாள்.

இரவு பஸ் முதல் தடவை ஓடிய நாள் ஒரு திங்கட்கிழமை. பின்னேர வகுப்பைக் கடைசிச் சொல் வரை இருந்து கேட்டுவிட்டு, சனூஸாவும் நிலுஷாவும் ஆறுதலாக நடந்து பஸ் நிலையத்துக்கு வந்தார்கள். கடைப் பெண்கள், தாதிமார், வகுப்புப் பிள்ளைகள் என்று பஸ் பிதுங்கியது. யாரோ ஒருத்தி பெற்றோல்மக்ஸ் போல ஒளிரும் பலூன்களை ஜன்னலில் கட்டிவிட்டாள். பஸ் புறப்பட்டபோது எழுந்த கூச்சலில் பஸ் நிலையத்துக் காகமெல்லாம் கிளம்பிப் பறந்தன.

கிண்ணியாவில் பஸ் நின்றது. முன் கதவால் ஏறியது, கையில் இரண்டு பையோடு ஸாலிஹா.

"உம்மா! நீங்க எங்க இஞ்ச?"

"புடவை பாக்க வந்தனான்" என்றாள் ஸாலிஹா, முன் சீட்டில் வசதியாக உட்கார்ந்துகொண்டு. பையில் புடவை ஒன்றும் இல்லை, இரண்டு மாம்பழம்தான் இருந்தது. "கேட்டு வாங்கின பஸ்ஸு, நானும் ஏறிப் பாக்கத்தானே வேணும்."

பஸ் ஓடத் தொடங்கியதும் அவள் ஜன்னலைத் திறந்து, இருட்டில் தூரத்தே மினுங்கும் குடாவைக் கழுத்தை நீட்டி நீட்டிப் பார்த்தாள்.

"மகள், டவுணில ராவையில துறைமுகத்துக் கப்பல் லைட்டெல்லாம் வடிவா இரிக்குமாமே?"

"ஓம் உம்மா."

"அப்ப வாற திங்கள் டவுணுக்கே வாறன்" என்றாள் ஸாலிஹா. "நீ வகுப்ப முடிச்சிட்டு வா. நான் கடற்கரையில நிக்கிறன்."