தெருக்குத்துப் பிள்ளையார்

சுவரோரம் மிஞ்சிய ஒற்றை முந்திரி மரத்தின் பூ வாசனை இன்று சமையலறை வரை வந்தது. சின்ன வயதில் எங்கள் டவுன்ஷிப் குவார்ட்டர்ஸிலிருந்து வடக்குத்து கிராமம் வரை முந்திரித் தோப்புக்குள் ஓடிய ஒற்றையடிப் பாதையில், ஷிப்டு சங்கு ஊதும் முன்பே, சருகு நொறுங்க, தூக்குவாளி மூடி கிணுகிணுக்க மல்லிகாக்கா பால் கொண்டுவருவார். பள்ளி விட்டதும் நாங்கள் அதே பாதையில் சீம்பால் தின்ன அவர் வீட்டுக்கு ஓடுவோம்.

அப்பா ரிடையரானபோது தோப்பு மனைகளாகி, பாதையின் மேலேயே எங்கள் வீடு எழுந்தது. வடக்குத்துப் பக்கம் மிச்சமிருந்த பாதை நேராக வந்து எங்கள் பின்சுவரில் முட்டியது. "தெருக்குத்துங்க, ஆகாது" என்றார் மேஸ்திரி. பரிகாரமாக அந்தச் சுவரிலேயே, பாதையைப் பார்த்தபடி, பிள்ளையாரை வைத்தோம். சாமி உட்கார்ந்த இடத்தில் வழி கேட்க யாருக்கு மனம் வரும்?

மல்லிகாக்கா இன்னும் டவுன்ஷிப்புக்குப் பால் ஊற்றுகிறார். தினமும் சுவர்வரை வந்து பூ வைத்துவிட்டு, திரும்பிப் போய் மெயின்ரோட்டைச் சுற்றி நடக்கிறார். வாளிச் சத்தம் கேட்டாலே ஜன்னலை விட்டு விலகிவிடும் நான் இன்று மாட்டிக்கொண்டேன்.

"சுத்திகினு போயி முட்டி நோவுது பாப்பா," என்று சிரித்தார். "அதான் இவராண்ட வேண்டிகினு போறேன்."