சூராகானின் லொடலொட வயர்

நாரின் நகரத்தில் எந்தக் கல்யாணத்திலும் கேமராவும் கையுமாக நிற்பவள் சூராகான். கேசட்டிலிருந்து படத்தைக் கம்ப்யூட்டரில் ஏற்ற, கல்யாணம் நடந்த அதே மூன்று மணி நேரம் பிடிக்கும் என்றாள். மாப்பிள்ளையின் அம்மா கல்புபு நம்பாமல் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள்.

திரையில் பெரியவர் வாழ்த்தியதும் கல்புபு இரு கைகளையும் ஏந்தி, "ஓமியின்" என்று ஆமென் சொன்னாள். பழக்கதோஷத்தில் சூராகானும் ஏந்தினாள். கேமராவில் செருகி அதுவரை அவள் அழுத்திப் பிடித்திருந்த கம்ப்யூட்டர் வயர் கழன்று விழுந்தது.

"போச்சு! மறுபடி முதல்லேருந்து ஓட்டணும்க்கா."

இரண்டாம் முறை பெரியவர் வந்தபோது சூராகான் வயரிலிருந்து கையை எடுக்கவில்லை.

"ஏன்டி, என் புள்ள நல்லா இருக்கணுமா, உன் வயர் நல்லா இருக்கணுமா?"

சூராகான் குனிந்து வயரைப் பல்லால் கவ்விக்கொண்டு கைகளை ஏந்தினாள்.

"வாயத் தொறந்து சொல்லுடி, ஆண்டவனுக்குக் கேக்க வேணாமா?"