விகாரையின் அடுப்பு

நான் மலையேறிய முதல் வாரத்தில் ஊரில் எல்லோரும் கேட்டது ஒரே கேள்விதான். "காவலூர் ஆபீஸுக்கு வந்தவராங்க?" காவலூரில் நட்சத்திரம் பார்க்கிற நிலையம் இருந்தது. பேண்ட் போட்டவன் எவனாக இருந்தாலும் அங்கே போகிறவன் என்று முடிவு கட்டிவிடுவார்கள். மலேசியாவிலிருந்து வந்திருக்கிறேன், பிள்ளைகளுக்குச் சம்பளமில்லாமல் பாடம் சொல்லித்தரப் போகிறேன் என்றால் யாரும் நம்பவில்லை. "மலேசியாவா? அது இன்னா, வேலூருக்கு அந்தாண்டயா?" என்று ஒருவர் கேட்டார். ஆமாம், கொஞ்சம் அந்தாண்ட என்றேன்.

அது எழுபதுகளின் கடைசி. பேராக்கில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவன் நான். ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்தபோது, எங்கள் பக்கத்துப் புத்த சங்கம் ஒன்று ஜவ்வாது மலையில் ஒரு பிக்கு நடத்தும் பள்ளிக்கு ஓராண்டுக்கு ஆள் தேடியது. தமிழ் தெரிந்தால் போதும், புத்த மதத்தவனாக இருக்க வேண்டியதில்லை என்றார்கள். நான் முனியாண்டிக்கு ஆடு வெட்டிச் சாப்பிட்டு வளர்ந்தவன். இந்தியாவைப் பார்க்கும் ஆசைதான் என்னைக் கப்பலேற்றியது. தொண்டு, சேவை என்பதெல்லாம் வழியனுப்பு விழாவில் மற்றவர்கள் சேர்த்துவிட்ட பேச்சு.

விகாரை என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஓடு வேய்ந்த இரண்டு அறைகள். ஒன்றில் நான் படுத்துக்கொள்வேன். மற்றொன்றில் புத்தர் சிலை, அதன் ஓரமாகப் பிக்குவின் பாய். முன்னால் ஒரு கீற்றுக் கொட்டகை, அதுதான் பள்ளி. பிக்கு கோலார் தங்கவயல் சுரங்கத் தொழிலாளி ஒருவரின் மகன். சிலோனில் துறவு வாங்கிச் சீவரம் என்கிற காவித்துணியைக் கட்டியவர். மலைக்கு வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. அவரை ஞானி என்று சொல்ல மாட்டேன். பிள்ளைகள் கூச்சல் போட்டால் காதைப் பொத்திக்கொள்வார். பாடம் நடத்த அவருக்கு வராது. ஆனால் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளை அழைத்து வர அவரால்தான் முடிந்தது. வேறு யார் சொன்னாலும் அந்த ஊரில் ஆடு மேய்க்கத்தான் அனுப்புவார்கள்.

பிக்குகள் சமைக்கக் கூடாது. மதியத்துக்கு முன்னால் யாராவது கொடுப்பதைத்தான் சாப்பிட வேண்டும். காலையில் எங்கள் பிக்கு பாத்திரத்தை ஏந்தி ஊருக்குள் போவார், ஒரு வாசலில் வாய் திறக்காமல் நிற்பார். வந்தவரை வாசலில் நிறுத்திச் சோறு போடுவது மலைக்காரர்களுக்குக் கேவலம். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் களியும் கீரையும் போட்டார்கள். இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக்கொடுத்து அப்படியே பழகிவிட்டது.

எனக்கு அந்த ஒருவேளைச் சாப்பாடு போதவில்லை. கண்ணமங்கலத்தில் அரிசி, பருப்பு, தேயிலை வாங்கிப் பஸ்ஸில் அமிர்தி வரை வந்து, அங்கிருந்து மூட்டையைச் சுமந்து ஏறினேன். கொட்டகைக்குப் பின்னால் மூன்று கல் வைத்து அடுப்பு மூட்டினேன். ஒரு வாய் டீக்காகச் செய்த காரியம். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது.

சாமை அறுப்பு முடிந்த சமயம் ஊர்க்கவுண்டர் விகாரைக்கு வந்தார். ஊர்க் காரியங்களை முடிவு செய்கிறவர் அவர். அதுவரை அங்கே காலடி வைத்ததில்லை.

"சாமி, இத்தினி வருசமா நீங்க வேத்தாளாவே இருந்துட்டீங்க. இப்ப உங்க வூட்ல பொக வருது. அடுப்பு எரிஞ்சா அது வூடு. இந்த வருசம் உங்களயும் ஊர்க்கணக்குல சேத்துட்டோம்" என்றார்.

அந்த மலையில் தலையை எண்ணுவதில்லை, அடுப்பைத்தான் எண்ணுவார்கள். அண்ணன் தம்பி ஒரே கூரையின் கீழ் இருந்தாலும் தனித்தனியாக உலை வைத்த நாளிலிருந்து இரண்டு வீடு. கணக்கில் சேர்ந்த வீட்டுக்காரருக்கு ஊர்க் கூட்டத்தில் பேச்சு உண்டு, திருவிழாவில் பங்கு உண்டு, செத்தால் ஊர் மண்ணில் குழி உண்டு. அவர் போன பிறகு பிக்குவின் முகத்தைப் பார்த்தேன். சிரிப்பை அடக்க அவர் படாத பாடு பட்டார். "நம்மளயும் ஊர்ல சேத்துட்டாங்க தம்பி" என்று அன்று முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

திருவிழாப் பங்கு என்றால் கொடுக்கவும் வேண்டும் என்பது பிறகுதான் தெரிந்தது. காளியம்மனுக்குக் கெடா வெட்டிப் படைத்த பிறகுதான் புதுச் சாமையை உலையில் போடுவார்கள். கெடா வாங்க எல்லா அடுப்பும் பங்குப் பணம் தர வேண்டும். ஓர் அடுப்பு குறைந்தாலும் அம்மன் ஏற்க மாட்டாள். ஊர்க்கவுண்டர் பங்கு கேட்டு வந்தபோது பிக்கு கைகூப்பினார்.

"உயிர எடுக்கறதுக்கு நான் பங்கு தர முடியாதுங்க."

ஊர்க்கவுண்டர் கோபப்படவில்லை. "சேத்த அடுப்ப கொறையா வெச்சுட்டு வெட்ட முடியாது சாமி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கொட்டகைக்கு ஒரு பிள்ளையும் வரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. பிக்கு வழக்கம்போல ஊருக்குள் போனார். உட்காரவைத்துச் சோறு போட்டார்கள், ஆனால் யாரும் பேசவில்லை. ஊரையும் குற்றம் சொல்ல முடியாது. கெடா வெட்டாததால், அறுத்த சாமை வீட்டில் இருந்தும் பழைய கேழ்வரகைச் சுரண்டிக் களி கிண்டிக்கொண்டிருந்தார்கள். நான்தான் பொறுமை இழந்தேன். பங்கை நானே கொடுத்துவிடுகிறேன் என்றேன். விகாரை பேரில் யார் கொடுத்தாலும் தான் கொடுத்த மாதிரிதான் என்றார் பிக்கு. "ஒரு ஆட்டக் காப்பாத்தறதுக்கு இத்தன பிள்ளைங்க படிப்பக் கெடுக்கறீங்களே" என்று கத்திவிட்டேன்.

தண்ணீருக்குப் போகும் வழியில் ஒரு பெண் என்னை நிறுத்தினாள். அவள் மகள் அந்த மாதம்தான் எழுத்துக் கூட்ட ஆரம்பித்திருந்தாள். "காலண்டர்ல தேதி படிக்கறா வாத்தியாரே. எங்க வம்சத்துல யாரும் படிச்சதில்ல. ஊர மீறி நான் அனுப்ப முடியாது. நீங்க ரெண்டு பேரும் ஏதாச்சும் பண்ணுங்க" என்றாள். நான் அதை அப்படியே பிக்குவிடம் போய்ச் சொன்னேன். அவர் ஊரைக் கூட்டச் சொல்லி ஆள் அனுப்பினார்.

புளியமரத்தடியில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, அவர் நின்றுகொண்டே பேசினார்.

"நான் சமைக்கறவன் இல்லீங்க. ஆறு வருசமா உங்க அடுப்புல வெந்ததத்தான் தின்னேன். விகாரையில எரியறது வாத்தியார் அடுப்பு. எனக்கு அடுப்பே இல்ல. அவரு வூட்டக் கணக்குல வெச்சுக்குங்க. என்னை எடுத்துடுங்க."

ஊர்க்கவுண்டர் தலையைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார். "ரோசன பண்ணித்தான் சொல்றீங்களா சாமி? சேத்து எடுத்த ஆளத் திரும்பச் சேக்கறதில்ல. கணக்குல இல்லாதவனுக்கு எங்க மண்ணுல குழி கெடையாது. நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா கீழதான் தூக்கினு போணும்."

"தெரியுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கொடுக்கிறேன் என்றேன். அவ்வளவுதான், வழக்கு முடிந்தது.

திரும்பி நடக்கும்போது பிக்கு என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "துறவிக்கு ஊர் இல்லன்னு சிலோன்ல சொல்லிக்குடுத்தாங்க. ஒத்துக்கிட்டுத்தான் சீவரம் கட்டினேன். ஆனா கவுண்டரு வந்து சேத்துட்டோம்னு சொன்னப்ப ரொம்ப சந்தோசமா இருந்திச்சு தம்பி. இப்ப வலிக்குது." அவரிடம் கத்தியதற்கு மன்னிப்புக்கூடக் கேட்காமல் கூடவே நடந்தேன்.

திருவிழா அன்று பம்பை அடித்தார்கள். கெடா வெட்டியபின் அடுப்பு வரிசையாக ஒவ்வொரு வீட்டையும் கூப்பிட்டார்கள். கடைசியில் "வாத்தியார் வூடு" என்று என்னைக் கூப்பிட்டார்கள். என் தாத்தா இந்த ஆற்காட்டுச் சீமையில் பிழைக்க வழியில்லாமல் கப்பலேறியவர். ஓராண்டுக்கென்று வந்த பேரனுக்கு அந்த மண்ணில் இப்போது வீடும் உண்டு, குழியும் உண்டு. அங்கேயே சாகலாம் என்று இருந்த பிக்குவுக்கு இல்லை. பங்குக் கறியைக் கோயில் எல்லையைத் தாண்டி எடுத்துப் போகக் கூடாது, அங்கேயே தின்ன வேண்டும். தின்றேன். ருசி தெரியவில்லை.

நான் திரும்பியபோது பிக்கு கொட்டகையைப் பெருக்கிக்கொண்டிருந்தார். நாளைக்குப் பிள்ளைகள் வருவார்கள் என்று ஊர்க்கவுண்டர் சொல்லியனுப்பியதைச் சொன்னேன். தலையாட்டினார். கொஞ்ச நேரம் பெருக்கிவிட்டு நிமிராமலே கேட்டார்.

"வூட்டுக்கு வூடு கூப்ட்டாங்களா?"

"கூப்பிட்டாங்க சாமி."

"நம்ம வூட்ட எப்பக் கூப்ட்டாங்க?"

"கடைசியா."

"புது வூடு இல்லியா? அப்படித்தான் கூப்புடுவாங்க" என்றார்.

வாத்தியார் வீடு என்றுதான் கூப்பிட்டார்கள் என்று நான் அவரிடம் சொல்லவில்லை.