பேரிகையில் விழுந்த ‘டி’

போன தை மாதம் பேரிகைக்குப் போய்வந்தேன். மகள் கவிதா ஓசூரில் ஒரு செல்போன் கம்பெனியில் லைன் லீடர். கூட வேலை பார்க்கும் ஹரீஷைக் கட்டிக்கொள்கிறேன் என்றாள். பையன் வீடு பேரிகை. வீட்டில் பேசுவது தெலுங்கு. எனக்கு இருந்த கவலை ஒன்றுதான். கல்யாணத்துக்கு அப்புறமும் இவளை வேலைக்கு விடுவார்களா? நேரிலேயே கேட்டுவிடலாம் என்று மன்னார்குடியிலிருந்து கிளம்பினேன்.

ஓசூரிலிருந்து பேரிகை சுமார் இருபத்தைந்து கிலோமீட்டர். கவிதாவோடு டவுன் பஸ்ஸில் ஏறினேன், ஒரு மணி நேரம் ஆனது. பெண்களுக்கு டிக்கெட் இல்லை. கண்டக்டர் முன்னால் கன்னடத்தில் சில்லறை கேட்டார், பின்னால் தெலுங்கில் அதட்டினார், என்னிடம் “கம்பியப் புடிச்சுக்கம்மா” என்றார். மனுஷன் நடுவில் மூச்சு விடக்கூட நிறுத்தவில்லை.

வாசலிலேயே ஹரீஷின் அம்மா மஞ்சுளா, “ரண்டி, ரண்டி” என்றார். உள்ளே போனதும், “கூர்ச்சோண்டி.” எனக்குச் சுருக்கென்றது. எங்கள் ஊரில் ‘டி’ போட வேண்டுமென்றால் கூடப் பிறந்திருக்க வேண்டும், இல்லையென்றால் சண்டைக்கு வந்திருக்க வேண்டும். சம்பந்தம் பேச வந்தவளை எடுத்த எடுப்பிலேயே டியா?

காபி குடித்ததும் கேட்டேன். “கல்யாணத்துக்கப்புறமும் கவிதா வேலைக்குப் போவா. உங்களுக்குச் சம்மதந்தானே?”

மஞ்சுளா கடிகாரத்தைப் பார்த்தார். “ஐயய்யோ, ஆகண்டி!” என்று விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

பதிலும் இல்லை, மரியாதையும் இல்லை. பையைத் தூக்கிக்கொண்டு எழுந்தேன். கவிதா கையைப் பிடித்து இழுத்தாள்.

“உக்காரும்மா. ரண்டின்னா ‘வாங்க’, கூர்ச்சோண்டின்னா ‘உக்காருங்க’, ஆகண்டின்னா ‘இருங்க’ன்னு அர்த்தம். அந்த ‘அண்டி’ நம்ம ‘ங்க’ மாதிரி. வந்ததுலேர்ந்து அவங்க மரியாதையாத்தான் பேசுறாங்க, நீதான் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்க.”

எதிரே உட்கார்ந்திருந்த ஹரீஷ் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

மஞ்சுளா வெளியே வந்தார். சேலைக்கு மேல் நீலக் கோட்டு, கழுத்தில் அடையாள அட்டை. பக்கத்து ரோஜாப் பண்ணையில் பேக்கிங் சூப்பர்வைசராம்.

“காதலர் தினத்துக்கு லோடு போவுதுங்க, லீவே குடுக்கல. மத்தியான வேன் வந்துரும். என்னா கேட்டீங்க, மருமவ வேலைக்குப் போலாமான்னா?” கோட்டுக்குப் பொத்தான் போட்டபடியே சொன்னார். “நானே போறேன், அவள நான் எப்பிடிங்க நிறுத்துறது?”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. எப்பேர்ப்பட்ட வீட்டைப் பிடித்திருக்கிறாள் என் மகள்! “ஏன்டி முன்னாடியே சொல்லல?” என்றால், “அவங்க வாயாலயே நீ கேட்டுக்கட்டும்னுதான்” என்கிறாள், கழுதை.

போகிறவர்களுக்கு: காலையில் ஷிப்ட் கூட்டம் குறைந்த பிறகு பஸ் ஏறுங்கள். தையில் குளிரும், சால்வை வேண்டும். யாராவது ‘டி’ என்றால் கோபப்படுமுன் அது ‘அண்டி’யா என்று காதைத் தீட்டிக் கேளுங்கள்.

சொல்ல மறந்துவிட்டேனே. வேனில் ஏறும்போது மஞ்சுளா, “வஸ்தானண்டி” என்று, ‘வரேங்க’ என்பதைத் தெலுங்கில் சொல்லிக் கையாட்டினார். நானும் விடவில்லை.

“போயிட்டு வாங்கண்டி, சம்பந்தி!”

வேனில் இருந்த அத்தனை பெண்களும் சிரித்தார்கள். கல்யாணம் நிச்சயமானது அந்த நிமிஷம்தான்.