ஒரே விலாசத்துக்குப் பதினான்கு அட்டைகள்

தபால்காரனுக்கு நல்ல கால் வேண்டும், நாய்க்குப் பயப்படாத மனசு வேண்டும், வாய் மட்டும் வேண்டவே வேண்டாம் என்பது இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது.

மின்சார மீட்டர் பார்க்கிறவர்கள், காஸ் சிலிண்டர் கொண்டுபோகிறவர்கள், காப்புறுதிக்கு ஆள் பிடிக்கிறவர்கள், உங்களுக்கெல்லாம் நான் விளக்கத் தேவையில்லை. வாசல் படலையில் நிற்கிறவனிடம் சனம் மனசில் உள்ளதையெல்லாம் கொட்டிவிடும். தலையை ஆட்டிவிட்டு அடுத்த படலைக்குப் போய்விட வேண்டும். மற்ற நாட்களில் அது சுலபம். தேர்தல் வந்துவிட்டால் நமக்கும் நாக்கு நமநமக்கத் தொடங்கிவிடும்.

நான் உடப்பு ஆள், கடற்கரைத் தமிழ் ஊர். வேலை மதுரங்குளிப் பக்கம், ஒரு சின்னத் தபால் கந்தோரில். என் சுற்றில் முஸ்லிம் வீடுகளும் உண்டு, சிங்கள வீடுகளும் உண்டு. தேர்தலுக்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் வாக்காளர் அட்டை கொண்டுபோய்க் கொடுப்பது எங்கள் பொறுப்பு. கடந்த முறை அந்த அட்டைகளோடு நான் பட்ட பாடுதான் இது.

போனுக்குள் வந்த சந்தை

முதலில் எங்கள் ஊர்க் கதை. மற்றவர்களைச் சொல்லிவிட்டு நம் ஆட்களை விட்டுவிட்டேன் என்று யாரும் குறை சொல்லக்கூடாது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் சின்ன மாமா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் போனை நீட்டினார். "இஞ்ச பாரடா, சோனக ஆள் எலெக்சன்ல வெண்டா நாங்க கோயிலடியில தீ மிதிக்கிற இடத்தில சந்தை கட்டப் போறாங்களாம். படமும் வந்திட்டுது." முஸ்லிம்களைத்தான் சோனகர் என்பார் மாமா. படத்தில் ஒரு பெரிய கட்டடம் இருந்தது. வாசலில் நின்ற சனமெல்லாம் தடித்த குளிர் கோட் போட்டிருந்தது. உடப்பு வெயிலில் சட்டை போடுவதே பெரிய காரியம், கோட் போட்டவனை நான் பிறந்ததிலிருந்து கண்டதில்லை. "மாமா, இது எந்த நாடோ தெரியாது, உண்மையோ எண்டு பார்க்காம ஏன் எல்லாருக்கும் அனுப்புறீங்க?" என்றேன். மாமா வலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நீ ஒரு நாளைக்கு எத்தினை கடிதம் குடுக்கிறாய், உள்ளுக்க இருக்கிறது உண்மையோ எண்டு பார்த்தோடா குடுக்கிறாய்?"

ராத்தாவின் அட்டை

என் சுற்றில் ரஹீமா ராத்தாவின் வீடு கடைசிக்கு முந்தினது. முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள். தொண்ணூறில் புலிகள் முஸ்லிம்களை விரட்டியபோது மன்னாரிலிருந்து உடுத்த துணியோடு வந்த குடும்பம். அப்போது ராத்தாவுக்குப் பதினேழு வயது. இப்போது இடியப்பம் அவித்துச் சுற்றியுள்ள கடைகளுக்குக் கொடுக்கிறார். அவர்களிடம் ஒரு வழமை உண்டு. பெண்ணைக் கட்டுகிற மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் அந்த ஒரு வளவுக்குள் ராத்தாவும் இரண்டு தங்கைமாரும், மூன்று பேரின் புருசன்மாரும், வளர்ந்த பிள்ளைகளும், அந்தப் பிள்ளைகளைக் கட்டியவர்களும் இருந்தார்கள். பின்னால் சின்னச் சின்னதாய் அறை இறக்கி நாலு குடும்பம் தனித்தனியாய்ச் சமைத்தார்கள். விலாசம் மட்டும் ஒன்று.

இத்தனை வருடமும் இவர்களுடைய வோட்டு மன்னாரிலேயே இருந்தது. தேர்தல் வந்தால் பஸ் பிடித்துப் போய், போட்டுவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வருவார்கள். போன வருடம்தான் எல்லோருடைய பெயரையும் அங்கே வெட்டி இங்கே பதிந்தார்கள். அதிலிருந்து என் சைக்கிள் மணி கேட்டாலே ராத்தா முந்தானையில் கையைத் துடைத்தபடி படலைக்கு வந்துவிடுவார். அட்டை இல்லாமலும் அடையாள அட்டையைக் காட்டி வோட்டுப் போடலாம் என்று சொல்லிப் பார்த்தேன். அவருக்கு அது போதவில்லை.

"மகள் கல்யாணம் கட்டினதும் இஞ்சதான், வாப்பாவ அடக்கினதும் இஞ்சதான் தம்பி, எண்டாலும் இந்த ஊராள் எண்டு கவர்மெந்து என்ட பேருக்கு ஒரு கடதாசி இன்னும் அனுப்பல்ல."

சுனில் அய்யாவின் கடையில்

அட்டைகள் வந்தன. நான் அவற்றை வீட்டு வாரியாய்ப் பிரித்து, ஒவ்வொரு வீட்டுக் கட்டுக்கும் ரப்பர் வளையம் போட்டுப் பையில் அடுக்கிக்கொள்வேன். வழியில் சந்திக்குப் பக்கத்தில் சுனில் அய்யாவின் தேநீர்க் கடை. பத்து மணிக்கு அங்கே ஒரு பிளேன் டீ என் வழக்கம். அன்று பையை மேசையில் வைத்தபோது ராத்தா வீட்டுக் கட்டு வெளியே தெரிந்தது. மற்ற வீட்டுக்கெல்லாம் இரண்டு, மூன்று. இது மட்டும் தடிப்பம். "மல்லி, அது என்ன புத்தகமா?" என்று சுனில் அய்யா கேட்டார். மல்லி என்றால் சிங்களத்தில் தம்பி.

ஒருவருடைய தபாலை இன்னொருவருக்குக் காட்டக்கூடாது என்பது எங்களுக்கு முதல் நாள் பாடம். நான் கட்டை எடுத்து உயர்த்திப் பிடித்து, என் நல்ல சிங்களத்தில் சொன்னேன்: "ஒரே வீடு, பதினாலு வோட்டு. இன்னும் நாலு வீடு இப்படி இருந்தால் எம்.பி. ஒருத்தரையே அனுப்பலாம்." கடை முழுக்கச் சிரித்தது. அந்தச் சிரிப்பு எனக்கு இனித்தது, அதை மறைக்க மாட்டேன். தமிழன் என்று போர்க் காலத்தில் என் பையைக் கிளறிப் பார்த்த சந்தியில், இன்று நானும் அவர்களில் ஒருவனாய் நின்று இன்னொருவரைப் பார்த்துச் சிரிக்கிறேன். மூலைக் கதிரையில் யாரோ போனை உயர்த்தினார்கள். அதைக் கண்டும் நான் கையை இறக்கவில்லை. சுனில் அய்யா டீக்குக் காசு வாங்க மறுத்தார்.

"நம்ம போஸ்ட் மல்லி நல்ல ஆள், உள்ளத உள்ளபடி சொல்லுவான்."

அரை மணித்தியாலம் கழித்து அதே கட்டை ராத்தாவிடம் கொடுத்தேன். தன் அட்டையைத் தேடி எடுத்து, பெயரில் விரலை வைத்து எழுத்தெழுத்தாய் வாசித்தார். எனக்குக் குடிக்க எலுமிச்சைத் தண்ணீர் தந்தார். நான் அதையும் குடித்தேன்.

என் கை ஊர் சுற்றியது

மறுநாள் காலை கந்தோரில் போஸ்ட் மாஸ்டர் அம்மா தன் போனை என் முன்னால் வைத்தார். சிங்களப் பெண், சிலாபத்திலிருந்து பஸ்ஸில் வருகிறவர், நன்றாய்த் தமிழ் பேசுவார். வீடியோவில் என் கை, என் கடிகாரம், பதினாலு அட்டை. மேல் அட்டையில் வீட்டு விலாசம் தெளிவாய்த் தெரிந்தது. என் குரலும் கூட வந்தது. கீழே சிங்களத்தில் எழுதியிருந்தது: மன்னாரிலும் வோட்டு, இங்கேயும் வோட்டு, கள்ளப் பெயர் பதினாலு, தபால்காரரே ஒத்துக்கொண்டார். மத்தியானத்துக்குள் பதினாலு நாற்பதானது. பின்னேரம் அதைத் தமிழில் மொழிபெயர்த்து எங்கள் உடப்பு ஆட்களும் அனுப்பினார்கள்.

நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுனில் அய்யாவிடம் ஓடினேன். "அய்யா, அது நாலு குடும்பம். மாப்பிள்ளைமார் பெண் வீட்டில் இருக்கிறது அவங்கட வழக்கம். மன்னாரில் பெயரை வெட்டிப்போட்டுத்தான் இங்கே பதிந்தவங்க. நீங்கள் சொன்னால் இந்தச் சனம் கேட்கும்" என்றேன். அவர் அலுமாரிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். உள்ளே பாண் இருந்தது, வடை இருந்தது. இடியப்பத் தட்டு இருந்த இடம் வெறுமையாய் இருந்தது. அவர் கெட்ட மனிதர் இல்லை. என் பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தபோது தன் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர்.

"அனே மல்லி, எனக்குத் தெரியாதா, பன்னெண்டு வருசமா ரஹீமா அக்காட இடியப்பம்தானே என் கடையில, ஆனா எலெக்சன் முடியுமட்டும் நான் ஒண்ணும் கதைக்க ஏலாது."

நாலு அடுப்பு

இரண்டு நாள் அந்த வீட்டுக்குத் தபால் இருக்கவில்லை. நான் சந்தோசப்பட்டேன். மூன்றாம் நாள் வங்கிக் கடிதம் ஒன்று வந்து தொலைத்தது. படலையில் மணி அடித்தபோது ராத்தா உடனே வரவில்லை. வளவுக்குள் இடியப்பத் தட்டுகள் கழுவிக் கவிழ்த்துக் கிடந்தன. மூன்று கடைகள் வேண்டாம் என்று விட்டதாய்ப் பிறகுதான் தெரிந்தது. இரவில் யாரோ மோட்டர் சைக்கிளில் வந்து, வாக்குச்சாவடியில் நின்று ஆள் எண்ணுவோம் என்று சத்தம் போட்டுவிட்டுப் போனார்களாம். ஒருவரும் போகத் தேவையில்லை என்று மாப்பிள்ளைமார் முடிவு எடுத்துவிட்டார்கள்.

ராத்தா அட்டைக் கட்டைக் கொண்டுவந்து நீட்டினார். "வீட்டுல வெச்சிருக்கப் பயமா இருக்கு தம்பி, எடுத்துட்டுப் போங்க." நான் வாங்க முடியாது என்றேன். பொலிஸில் சொல்லலாம் என்றேன். நானே கூட வருகிறேன் என்றும் சொன்னேன். அவர் கட்டை என் பைக்குள் செருகிவிட்டு என் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "படத்துல இருக்கிறது உங்கட கைதானே?" என்று மெல்லக் கேட்டார். ஓம், என் கைதான் என்றேன். அவர் ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"தலையை எண்ணிச் சொன்ன நீங்க, எத்தின அடுப்பு எரியுதெண்டும் சேத்துச் சொல்லியிருக்கலாமே தம்பி."

என் திருத்தம்

அன்று வீட்டுக்கு வந்து சைக்கிளை நிறுத்திய கையோடு போனை எடுத்துப் பேசினேன். நான்தான் அந்தத் தபால்காரன், நான் சொன்னது சும்மா சிரிப்புக்குச் சொன்ன பகிடி, அந்தப் பதினாலு பேரும் ஒழுங்காய்ப் பதிந்த வாக்காளர்கள், நான் செய்தது பிழை என்று தமிழிலும் சிங்களத்திலும் சொல்லி, எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் அனுப்பினேன். வேலை போனாலும் பரவாயில்லை என்ற வீறாப்பில்தான் அனுப்பினேன். வேலைக்கு ஒன்றும் ஆகவில்லை, ஏனென்றால் அதை யாரும் கேட்கவே இல்லை. கேட்ட ஒன்றிரண்டு பேரும் அடுத்தவருக்கு அனுப்பவில்லை. மறுநாள் சின்ன மாமா மட்டும் வீடு தேடி வந்தார். கதவைச் சாத்திவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"உண்மையைச் சொல்லு, அப்பிடி மாத்திப் பேசச் சொல்லி சோனகர் உனக்கு என்னடா தந்தவங்க?"

காரணம் எழுதும் இடம்

தேர்தல் நாளன்று வாக்களிப்பு முடியும்வரை கந்தோர் திறந்திருக்க வேண்டும். கொடுபடாத அட்டைகளை வந்து வாங்க விரும்புகிறவர்களுக்காக. நான் காலையிலேயே உடப்பில் வோட்டுப் போட்டுவிட்டு, மை பூசிய விரலோடு வந்து ஜன்னலடியில் உட்கார்ந்தேன். ஆறேழு பேர் வந்து தங்கள் அட்டையை வாங்கிப் போனார்கள். பாதையில் ஒரு நிழல் ஆடினால் எழும்பிப் பார்ப்பேன். பாடசாலைச் சாவடி அங்கிருந்து ஐந்து நிமிட நடை. ராத்தா ஒற்றையாய் வந்தால் நானே கூட்டிக்கொண்டு போவதென்று மனசுக்குள் நிய்யத்து, அதாவது உறுதியான எண்ணம், வைத்திருந்தேன். அந்தச் சொல்லும் அவரிடம் கற்றதுதான். மத்தியானம் சாப்பிடவும் போகவில்லை. அவர் வரவில்லை. பதினாலு பேரில் ஒருவரும் வரவில்லை.

நேரம் முடிந்ததும் மிஞ்சிய அட்டைகளைக் கட்டித் திருப்பி அனுப்ப வேண்டும். ஏன் கொடுபடவில்லை என்று ஒவ்வொன்றிலும் காரணம் எழுதுவது விதி. விலாசத்தில் இல்லை, இறந்துவிட்டார், இடம் மாறிவிட்டார், இப்படி ஏதாவது. ராத்தாவின் அட்டையை எடுத்துப் பேனாவைத் திறந்தேன். அவர் விலாசத்தில்தான் இருக்கிறார். உயிரோடு இருக்கிறார். முப்பது வருடத்துக்கு மேலாய் அங்கேயே இருக்கிறார். போஸ்ட் மாஸ்டர் அம்மா பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று என் பக்கத்தில் வந்து நின்றார். என் முகத்தைப் பார்த்தார், அட்டையைப் பார்த்தார். அவருக்கும் கண் கலங்கித்தான் இருந்தது.

"பெறுநர் ஏற்க மறுத்தார் எண்டு எழுதுங்க, நீங்க நினைக்கிறத எழுத அதில இடம் இல்ல."

பதினாலு முறை அப்படியே எழுதினேன். இருபத்திரண்டு வருட சேவையில் நான் கொண்டுபோய்ச் சேர்த்த எந்தக் கடிதமும் அந்த ஒரு பகிடியைப்போல் முத்திரை இல்லாமல், பிந்தாமல், ஒரு வீடு தவறாமல் போய்ச் சேர்ந்ததில்லை.