பிறந்த வீட்டுக் கோடி

நாவலூரில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கஸ்தூரி அக்காவின் மகன் பாபுவின் அழைப்பு வந்தது. "சித்தி, அம்மா பூட்டாங்க." அழுது ஓய்ந்த குரல். நான் பேசுவதற்குள் அவனே தொடர்ந்தான்: "மாமா போனே எடுக்கல. பொறந்த வூட்டு கோடி இல்லாம எடுக்கக் கூடாதுன்னு பெரியவங்க சொல்லிக்கினு இருக்காங்க. இன்னா பண்றது?"

மதுராந்தகம் கஸ்தூரி அக்காவை அறிந்தவர்களுக்கு, அந்தக் கேள்வி என்னை எப்படிக் குத்தியிருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. ஒரு பெண் இறந்தால் பிறந்த வீட்டிலிருந்து புதுப் புடவை கொண்டுவந்து அவள்மேல் போர்த்த வேண்டும்; அதுதான் கோடி. எத்தனையோ பேருக்கு விட்டுப்போன பிறந்த வீட்டைத் தேடிக் கொடுத்தவர் அக்கா. அவருடைய ஒரே தம்பியோ, "உன் சாவுக்குக்கூட வரமாட்டேன்" என்று சொல்லியிருந்தார்.

என்னையும் அக்காதான் தேடிக் கண்டுபிடித்தார். கிராமச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஒரு நாள் எங்கள் அடுக்குமாடி வாசலில் காவலாளியிடம் "என் தங்கச்சி வூடு" என்று அடித்துச் சொல்லி உள்ளே வந்துவிட்டார். நான் அவரை அதற்கு முன் பார்த்ததே இல்லை. "எங்க தாத்தாவோட தங்கச்சி செத்தப்ப கோடி போட்டவங்கள்ல உங்க தாத்தாவும் ஒருத்தரு. ரெண்டு பேரும் அண்ணன் தம்பி. அப்ப நீ எனக்கு இன்னா ஆவற?" என்று கேட்டுவிட்டு, என் பதிலுக்குக் காத்திராமல் காபி கேட்டார்.

அவர் தேடும் வழியே அதுதான். போகும் ஊரிலெல்லாம் வயதானவர்களிடம், இன்னாருடைய சாவுக்குக் கோடி போட்டது யார் என்று கேட்பார். "நெலம் இருந்தவனுக்கு பட்டா கீது. நம்ம ஆளுங்களுக்கு இன்னா கீது? கோடி போட்டவன் யாருன்னு கேளு. அதுல பொய் சொல்லமாட்டாங்க. சொன்னா அங்கியே ஒதை வுழும்" என்பார்.

மாமல்லபுரத்துக்கு அப்பால் ஒரு கடலோரக் கிராமத்தில் முனுசாமி அண்ணனைக் கண்டுபிடித்தபோது நானும் உடன் இருந்தேன். எங்கள் இருவரின் தாத்தாக்களுக்கும் தம்பியானவரின் பேரன். விடுதி ஒன்றில் காவல் வேலை. எங்களை உட்காரச் சொல்லாமலே, "நெலத்துல பங்கு கேட்டு வந்துகிறீங்களா?" என்றார்.

"ஒங்கிட்ட நெலம் கீதா? இருந்தா குடு, வாணாங்கல" என்றார் அக்கா. அதன் பிறகுதான் பாய் விரிக்கப்பட்டது.

விபரீதம் அங்கேதான் தொடங்கியது. அக்காவின் தம்பி தனசேகர் அண்ணன் மறைமலைநகரில் தன் மகளுக்குத் திருமணம் நடத்தினார். அக்கா முனுசாமி அண்ணனை அழைத்துப்போய் மேடையிலேயே நிறுத்தினார். சம்பந்தி மரியாதையாக, "நீங்க எந்த வழியில சொந்தம்?" என்று கேட்டார். முனுசாமி அண்ணனுக்கு ஒரே மகிழ்ச்சி. மண்டபமே கேட்கச் சொன்னார்: "எங்க தாத்தாவும் இவங்க தாத்தாவும் அண்ணன் தம்பிங்க. ஒரே ஆண்டை வூட்டு படியாளுங்க!"

படிநெல்லுக்குப் பண்ணையில் கட்டுண்டு உழைத்தவர்கள்தான் எங்கள் தாத்தாக்கள். தனசேகர் அண்ணனோ தாத்தாவுக்கு நஞ்சை இருந்ததாகச் சம்பந்தியிடம் சொல்லி வைத்திருந்தார். கல்யாணம் நிற்கவில்லை. அக்கா தம்பி பேச்சுதான் நின்றுபோனது. பின்னொரு நாள் பேருந்தில் அக்கா என்னிடம், "சொன்னது தப்பில்ல. மேடையில சொல்ல வச்சது தப்பு" என்றார். அதைத் தம்பியிடம் சொல்ல அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை.

பாபு அழைத்த அன்று நான் நேராக மறைமலைநகர் போனேன். தனசேகர் அண்ணன் கதவைப் பாதிதான் திறந்தார். "அண்ணே, மதியத்துக்கு மேல வச்சிருக்க மாட்டாங்க" என்றேன். "நீ போம்மா" என்று மூடிவிட்டார். செங்கல்பட்டில் இறங்கி ஒரு புடவை எடுத்தேன். எதற்கும் இருக்கட்டும் என்று.

மதுராந்தகத்தில் தெருமுனையிலேயே முனுசாமி அண்ணன் நின்றிருந்தார், கையில் புடவைப் பையோடு. "உள்ள வா அண்ணே" என்றேன். "என் வாயாலதானே இந்தக் கதி? எந்த மூஞ்ச வச்சிக்கினு வர்றது?" என்றார். இழுத்துக்கொண்டு போனேன். பாபுவின் பெரியப்பா வழி மறித்தார். "கூடப்பொறந்தவன் உசுரோட கீறான். பங்காளி போட்டுட்டு, நாளைக்கு அவன் சண்டைக்கு வந்தா யாரு பதில் சொல்றது?"

வெயில் ஏறியது. பறை ஓய்ந்தது. குழி தயார் என்று இருமுறை ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார். பாபு என்னைப் பார்த்தபடியே இருந்தான்.

அப்போதுதான் தனசேகர் அண்ணன் வந்தார். வெறுங்கையோடு. சட்டைப் பொத்தான்களை மாற்றிப் போட்டிருந்தார்.

"கோடி எங்கப்பா?" என்றார் பெரியப்பா.

துக்கத்துக்கு வந்திருந்த சம்பந்தி பந்தலோரம் நிற்பதைத் தனசேகர் அண்ணன் பார்த்தார். நான் என் பைக்குள் கையை விட்டேன். அதற்குள் அவர் முனுசாமி அண்ணன் முன்னால் போய் நின்றுவிட்டார். எல்லோரும் அடிதடிதான் என்று நினைத்தோம்.

"இவரு ஒனக்கு இன்னா மொறைப்பா? நீயே சொல்லு." என்று பெரியப்பா மீண்டும் கேட்டார்.

"எங்க தாத்தாவும் இவரு தாத்தாவும் அண்ணன் தம்பி" என்றார் தனசேகர் அண்ணன். கொஞ்சம் நிறுத்தி, சம்பந்தியைப் பார்த்தபடியே, "ஒரே ஆண்டை வூட்டு படியாளுங்க" என்றார். பிறகு முனுசாமி அண்ணன் பையிலிருந்து புடவையை உருவி, "அந்த முனைய புடி, அண்ணாத்த."

இருவருமாக விரித்த புடவை அக்காவின்மேல் இறங்கியது.

நான் எடுத்தது பையிலேயே தங்கிவிட்டது. சாவுக்கு எடுத்த துணியை வீட்டில் வைக்கக் கூடாது, யாருக்காவது கொடுத்துவிடு என்கிறார்கள். நான் கொடுக்கவில்லை. எங்கள் தாத்தாக்களுக்கு மூத்தவர் ஒருவர், பிழைக்கப் போன ஊரிலேயே தங்கிவிட்டார் என்று அக்கா கடைசிவரை தேடிக்கொண்டிருந்தார். அவர் வழியில் எங்கோ ஒரு மகள் இருக்கக்கூடும். பிறந்த வீட்டுக் கோடி எங்கே என்று ஒரு நாள் அவள் வாசலில் யாராவது கேட்டால், எடுத்துப் போக என்னிடம் ஒன்று இருக்கிறது.